மான் படுத்த இடத்துப் புல்

ஆனி, செவ்வாய்க்கிழமை.

காலையில் என் பசு செவலை காப்பித் தண்ணி நிறத்தில் மூத்திரம் விட்டது. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து மாட்டு டாக்டர் வந்து, அதன் காதை விரித்து உண்ணியைக் காட்டினார்.

"புல்லு எங்க அறுக்கிறீங்க பெரியவரே?"

"காட்டு வேலி ஓரமா சார், மான் படுக்கிற எடம். மானு நல்ல புல்லாத்தான் பாத்து துன்னும்."

"மானுக்கு ஒண்ணும் ஆகாது. அது மேலேருந்து விழுற, இந்த நோயைப் பரப்புற உண்ணி அந்தப் புல்லுலதான் உக்காந்திருக்கு. அதைத்தான் கட்டிக் கொண்டாந்து போட்டிருக்கீங்க."

செவலையின் தாய்க்கும் அங்கேதான் அறுத்தேன். அதுவும் இப்படியே மூத்திரம் விட்டுச் செத்தது. கொம்பில் பொங்கல் பெயிண்ட் அப்போது உதிரக்கூட இல்லை. பனிக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊசி போட்டுவிட்டு, "லேட்டாயிடுச்சு, பாப்போம்" என்று போய்விட்டார்.

சாயங்காலம் வரை செவலை வைக்கோலைத் தொடவில்லை, தவிட்டையும் தொடவில்லை. மூலையில் கிடந்த நேற்றைய புல்கட்டின் பக்கமே மூக்கை நீட்டியது. நான் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பிரித்து உண்ணி தேடினேன்.

"கண்ணு தெரியாம இன்னாத்த பொறுக்கிகினு கீறீங்க மாமா?" என்றாள் மருமகள்.

ஒன்றும் தெரியவில்லைதான். ஒரு பிடி கொடுத்தேன். தின்றது. இன்னொரு பிடியும் கொடுத்தேன்.