மறைத்து வைத்த இருமல்

டத்தோ கிராமாட்,
பினாங்கு.

அன்பு மகள் துளசிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ஆக்லாந்துக் குளிரில் நோய் நொடி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை. நான் இருக்கிறேன் அம்மா, ஆனால் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், இதுவரை உன்னிடம் சொன்ன பொய்களே போதும்.

புற்றுநோய் மாத்திரையால் நுரையீரல் கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது என்று இரண்டு மாதத்துக்கு முன் சொன்னேன் அல்லவா, அது உண்மை. சொல்லாமல் விட்டது அதன் பிறகு வந்த வறட்டு இருமலை. முதலில் புகைமூட்டத்தால்தான் என்று நினைத்தேன், பிறகு பஸ் படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இருமல் வந்தால் உடனே வரவேண்டும் என்று டாக்டர் சந்திரசேகரன் முதல் நாளே சொல்லியிருந்தார். போனால் மாத்திரையை நிறுத்திவிடுவாரோ என்ற பயத்தில் மூன்று வாரம் வாயைப் பொத்திக்கொண்டு இருமினேன். உன் அப்பா போன பிறகு எனக்கிருந்த தைரியமெல்லாம் தினம் காலையில் போடும் அந்த ஒரு மாத்திரைதான்.

ஒரு வியாழக்கிழமை பசாரில் காய்கறி வாங்கி வந்தவள் லிப்ட் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஷாஹிரா என் உதடு நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்து, "பேசாதீங்கலா அக்கா, கெரெத்தா எடுத்துட்டு வரேன்" என்று தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஒன்பது நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். அந்த மாத்திரையே நுரையீரலைப் புண்ணாக்கியிருக்கிறது, சிலருக்கு அப்படி ஆகுமாம். டாக்டர் கோபிக்கவில்லை. "கட்டி மருந்துக்கு நல்லா கேட்டுச்சு ஆன்ட்டி, நுரையீரல்தான் தாங்கல. இனிமே இத தொடக்கூடாது. முன்னாடியே வந்திருந்தா நுரையீரல்ல தழும்பு கொஞ்சத்தோட நின்னிருக்கும்" என்றார். அதற்குக்கூட நான் அழவில்லை, பார்வையாளர் நேரத்தில் எதிர்க் கட்டில்காரியைச் சுற்றி அவள் பிள்ளைகள் நின்றபோதுதான் அழுகை வந்தது.

அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று அந்த வாரம் உன் போனைச் சட்டென்று வைத்தேனே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துதான் அதைச் சொன்னேன். இரண்டு வார்த்தைக்கு மேல் மூச்சு வரவில்லை, அது உனக்குக் கேட்டுவிடக் கூடாது என்றுதான்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். ஸ்டீராய்டினால் முகம் ஊதிவிட்டது, பசியும் அதிகம், ஒருத்திக்காகச் சமைக்கத்தான் கை வரவில்லை. வேறு மருந்து பற்றி அடுத்த மாதம் சொல்வார்கள்.

நீங்கள் இருவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் பதமாகச் சொல், பயப்படுத்தாதே. குளிரில் தலையை மூடிக்கொள்ள மறக்காதே. லீவு கிடைக்காவிட்டால் வரவேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மூன்று நாளாகியும் அதை எழுத முடியவில்லை. வா அம்மா.

உன் அம்மா
ரமணி