எந்த நைனா?

கோபமே வராத என் செல்ல நைனாவுக்கு,

நேற்று மில்லில் மேஸ்திரியின் மூக்கை உடைத்துவிட்டேன். அம்மா உன் படத்துக்கு முன்னால் நின்று கோள் மூட்டுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

நான்கு மாதத்துக்கு முன் விசைத்தறி பெல்ட் உன் வலக்கையைத் தோளோடு பிடுங்கியது. ரத்தம் என் தறிவரை தெறித்தது. "நைனா! நைனா!" என்று கத்தினேன். உன் மூச்சு அடங்கியதும் முதலாளியின் ஆட்கள் என்னை மிதித்துத் தள்ளிவிட்டு, உன்னைத் தூக்கிப்போய் அரக்கோணம் ரோட்டில் போட்டார்கள். லாரி அடித்ததாம்! வேலையில் செத்தாய் என்று எழுதினால்தானே அம்மாவுக்கு அரசாங்கக் காப்பீடு கிடைக்கும்?

சுதந்திரம் வந்த மறுவருடமே அந்தக் காப்பீட்டுச் சட்டம் வந்ததாம். டில்லி, கான்பூர் என்று தொடங்கி ஊர் ஊராக நீட்டினார்கள். எல்லை மாறி நம் ஊரே ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. காப்பீட்டு அட்டை மட்டும் நம் கைக்கு வரவில்லை. இருபது பேர் வேலை செய்தால்தான் சட்டம் பிடிக்கும் என்பதால், காப்பீட்டு அதிகாரியின் ஜீப் சத்தம் கேட்டதும் பாதிப் பேரை நூல் கோடவுனில் வைத்துப் பூட்டினார்கள். நீயும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாய். ஒரு நாளாவது கதவை உதைத்திருக்கக் கூடாதா, நைனா?

என் மனுவைப் பார்த்து நேற்று அதிகாரி வந்தார். ஆட்கள் பட்டியலில் உன் பெயர் இல்லை. தறி நின்ற நேரம் குறிக்கும் நோட்டில் மட்டும் ஒரு வரி இருந்தது: "நைனா கை பெல்ட்டில் மாட்டியது." எழுதிய கணக்கர் திருநெல்வேலிக்காரர். அவர் ஊர்ப் பக்கத்தில் நைனா என்பது ஆள் பெயராம். நான் கத்தியதை உன் பெயர் என்று நினைத்துவிட்டார்.

முதலாளி சிரித்தான். "இங்க பெத்த அப்பனை எல்லாரும் நைனான்னுதான் கூப்புடுவாங்க சார். இது எந்த நைனாவோ?"

"எங்க நைனா!" என்று கத்தினேன். மேஸ்திரி என் வாயை அடைக்க வந்தான். கையிலிருந்த தறி நாடாக்கட்டையின் இரும்பு முனையால் போட்டேன் ஒரு போடு. அவன் ஆட்கள் என் முடியைப் பிடித்துத் தரையில் இழுத்தார்கள். அப்போதுதான் கோடவுன் கதவு உள்ளிருந்து உதைத்ததில் உடைந்து விழுந்தது.

உள்ளே பூட்டப்பட்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அதிகாரி முன்னால் வந்து நின்றார்கள்.

"எங்க நைனா வூட்ல பீடி வலிச்சிகினு குந்திகினு கீறாரு சார்."

"எங்க நைனா பள்ளிப்பட்டுல கீறாரு. ரெண்டு கையும் நல்லா கீது."

"எங்க நைனா செத்து பத்து வருசம் ஆவுது சார். காலரா."

எல்லா நைனாவும் போக நீ மட்டும்தான் மிஞ்சினாய். அதிகாரி பெயர் கேட்டு எழுதினார்: முனுசாமி, தறித் தொழிலாளி, வேலையில் இறந்தார். அதைப் பார்த்ததும் உடைந்து அழுதுவிட்டேன்.

இன்று மில் வாசலில் நான்கு பேர் தடியோடு நிற்கிறார்களாம். போகத்தான் போகிறேன். எல்லார் பெயரும் அட்டையில் ஏறும்வரை ஓயமாட்டேன், இது உன்மேல் சத்தியம். எனக்கு எது நடந்தாலும் எவனும் என்னை ரோட்டில் தூக்கிப் போட முடியாது, நைனா. என் பெயரை நேற்றே அதிகாரியின் பட்டியலில் முதல் ஆளாக எழுதவைத்துவிட்டேன்:

வள்ளி,
தறித் தொழிலாளி முனுசாமியின் மூத்த மகள்.