கடைசி சீட்டு

வியாழன், ஆவணி 12

கையில் ஒட்டிய பசை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அவிநாசிக்காரர் ஒருவர், குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்குப் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்து மாற்றித் தரச் சொல்லி என் பட்டறையில் வேனை விட்டிருந்தார். தரைக்குப் பிளைவுட் அடித்து, வினைல் ஒட்டி, சீட்டையும் பூட்டிவிட்டேன். சாயங்காலம் வந்தவர் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, போல்ட்டு அடியில இரும்பு வரைக்கும் போகுதுங்களா?"

"போகுதுங்க" என்று வாய் கூசாமல் சொன்னேன். போகவில்லை. பிளைவுட்டில் ஸ்குரூ ஏற்றியதோடு சரி. ஆள் ஏற்றும் கம்பெனி வேன்களுக்கெல்லாம் இத்தனை வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். யாரும் கேட்டதில்லை.

அவர் போனதும் காலை ஊன்றி சீட்டை இழுத்தேன். இரண்டு ஸ்குரூ பலகையைப் பிய்த்துக்கொண்டு வந்தன. பிரேக் அடித்தால் பெல்ட் போட்டவரும் சீட்டோடுதான் பறப்பார். வினைலைக் கிழித்து எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன். நாளைக்கு அடியில் தகடு கொடுத்து இரும்போடு முறுக்க வேண்டும். பொய் சொன்னதையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்தேன். பனியன் கம்பெனி வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த மனைவியிடம், கம்பெனி வேனில் தினமும் எங்கே உட்காருவாய் என்று கேட்டேன்.

"கடைசி சீட்டுலதானுங்க. நீங்க போட்ட சீட்டுன்னு வேற ஆரையும் உக்கார உடமாட்டனுங்க" என்று சிரித்தாள்.

இப்போது தூங்குகிறாள். காலை ஏழு மணிக்கு அந்த வேன் வந்துவிடும்.