தேரி மணலில் நாலு எலுமிச்சம்பழம்

பிப். 19, வியாழன்

காலையில் பனி. பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று. பால்காரர் வரவில்லை. கடுங்காப்பி.

நேற்று ராஜபாளையத்தில் கண் டாக்டர். இவருக்குக் கண்ணில் பிரஷர் கூடி இடப்பக்கப் பார்வை போய்விட்டதாம். போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்து காப்பாற்றும். வண்டி ஓட்டவே கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் டாக்டருக்கு வயசு பத்தாது என்கிறார்.

பட்டாளத்தில் ராஜஸ்தான் மணலில் வண்டி ஓட்டினவர். ஓய்வு பெற்று வந்ததும் ஏலத்தில் பழைய ஜீப் ஒன்று எடுத்தார். ஃபோர் வீல் டிரைவ், நாலு சக்கரமும் இழுக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் அதற்கு என்ன வேலை என்று நான் கேட்காத நாளில்லை. எனக்கும் லைசன்ஸ் உண்டு. ஆனால் ஜீப்பைத் தர மாட்டார். நான் துடைத்தால்கூட முகம் சுருங்கும்.

கல்யாணமான புதிதில், உன்னை அந்த மணலுக்குக் கூட்டிப் போவேன் என்றார். இனி எங்கே.

பிப். 20, வெள்ளி

விடிந்ததிலிருந்து ஒரே பேச்சு. ராஜஸ்தான் வேண்டாமாம். திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காடு இருக்கிறதே, கண்ணுக்கெட்டின மட்டும் செம்மணல். உள்ளே ஐயனார் கோவிலுக்கு ஒரு பழைய தடம். அதில் ஒரே ஒரு தடவை. அதோடு சாவி என்னிடமாம்.

"மணல்ல மோதுறதுக்கு யாரு இருக்கா? நீ எனக்கு இடது பக்கம் உக்காந்து சொல்லிக்கிட்டே வா."

பயம்தான். ஆனால் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தார் ரோடு முழுக்க ஆக்டிங் டிரைவர்தான் ஓட்டணும் என்று கறாராகச் சொல்லி ஒப்புக்கொண்டேன்.

எடுத்து வைக்க: தண்ணீர் கேன். மண்வெட்டி. கோணிச்சாக்கு. காற்றடிக்கும் பம்ப். சொ. மருந்து (மறக்காதே). புளியோதரை. பால்கோவா. எலுமிச்சம்பழம் நாலு.

பிப். 21, சனி

இருட்டோடு கிளம்பினோம். சங்கரன்கோவிலில் டீ. திருநெல்வேலி தாண்டியதும் வெக்கை. டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் இவர் பல்லைக் கடிக்கிறார்.

தார் முடிந்த இடத்தில் டிரைவரை டீக்கடையில் விட்டோம். அதற்கப்புறம் சிவப்பு, சிவப்பு, சிவப்பு. அங்கங்கே பனை, முந்திரிப் புதர். இவர் குனிந்து நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினார். டயர் சப்பையானால்தான் மணலில் அமுங்காதாம். நான் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தேன். சிரித்தார். வண்டி ஏறியது. ஒன்றுகூட நசுங்கவில்லை, அப்படியே மணலுக்குள் போய்விட்டன. எனக்கு மனசே சரியில்லை.

ஆனால் அந்த முகம்! ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, மேடு ஏறும்போது வண்டியோடு அவரும் சாய்ந்து. இஞ்சின் சத்தத்தை வைத்தே ஓட்டுகிறார். மணலில் பிரேக் போடக் கூடாது, போட்டால் புதைந்துவிடும் என்று எனக்குப் பாடம் வேறு. இந்த மனுசனைக் கட்டிக்கொண்டதில் இன்று ரொம்ப சந்தோஷம். எழுதி வைக்கிறேன், நாளைக்கு மறந்துவிடும்.

நானும் வாய் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். இடப்பக்கம் புதருக்குப் பின்னாலிருந்து தலையில் ஓலைக்கட்டோடு ஒரு பெண். கத்தினேன். பிரேக் போட்டார். ஜீப் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. பம்பருக்கும் அவளுக்கும் ஒரு கை தூரம்.

அவள் ஓலையைக் கீழே போட்டாள். திட்டவில்லை. "இம்புட்டு எடம் கெடக்கு, என்மேலயா வரணும்? ஆள் நிக்கது தெரியலயா அண்ணாச்சி?"

இவர் ஸ்டியரிங்கை விடவில்லை.

"தெரியல தாயி. இந்தப் பக்கம் எனக்குத் தெரியாது."

என்னிடம்கூட அவர் இதை இப்படி ஒப்புக்கொண்டதில்லை.

இறங்கி வந்து என் பக்கக் கதவைத் திறந்தார். இறங்கு என்று சைகை. அந்தப் பெண்ணும் நானும் தோண்டினோம், இவர் சாக்கு விரித்தார். அவளுக்குப் பால்கோவா கொடுத்தேன், இவருக்கும் ஊட்டிவிட்டேன். பிறகு நான் ஸ்டியரிங்கில். கால் எட்டவில்லை, முதுகுக்குச் சாக்கு. இவர் என் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு.

"ரெண்டாவது கியர்லயே வையி. பிரேக்க மிதிக்காத. சத்தம் நல்லாருக்கு, அப்படியே விடு."

தார் வரை நிற்காமல் வந்தேன். நானேதான்.

பிப். 22, ஞாயிறு

வெயில். இடுப்பு வலி. தலைமுடி, காது, புளியோதரை டப்பா, எல்லாவற்றிலும் செம்மண். பால்காரர் வந்தார்.

இவரைக் காணோம் என்று தேடினால், மார்க்கெட்டுக்குப் போய் வந்திருக்கிறார். கையில் நாலு எலுமிச்சம்பழம். வாசல் சிமெண்ட் தரையில் ஜீப் சக்கரத்துக்கு ஒன்றாக, கையால் தடவித் தடவி வைத்தார். எதற்கு என்று கேட்டேன். வண்டிக்குப் புது டிரைவர் வந்தால் வைக்கணுமாம்.

சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரலை மூடினார். முன்னால் போய் வலப்பக்கமாக நின்றுகொண்டு, வா, வா என்று கையை ஆட்டினார். கண் கலங்கி எனக்கும் ரோடு தெரியவில்லை. துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"நாலும் ஒடஞ்சிருச்சாட்டி?"

"நாலும்."

செவ்வாய் கண் டாக்டர். ஜீப்பில்தான். டீசல் போடணும்.