வர மட்டுமே தெரிந்த ரயில்

அக்டோபர் 6, ஞாயிறு

என் மர ரயில் பாதையில் காலாப்பட்டு வளைவை ஒட்டி முடித்தேன். பூவரசு மரம். நேர்ப் பாதைக்கு மெல்லிய பட்டைகள் போதும். வளைவை அகலமான பலகையிலிருந்துதான் அறுத்தெடுக்க வேண்டும். இரண்டு பட்டைகளுக்கு நடுவில் சக்கரங்கள் ஓடும். மோட்டார் இல்லை. சென்னை முனையைச் செங்கல்மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். எஞ்சினை விட்டால் தானாக இறங்கி, கனகசெட்டிக்குளம், காலாப்பட்டு தாண்டிப் புதுச்சேரிக்கு வந்து சேரும்.

கடற்கரையோரம் அப்படி ஒரு ரயில் கிடையாது. அதனால்தான் செய்கிறேன். கடைக்குச் செய்து கொடுக்கும் பொம்மை எஞ்சின்கள் வயிற்றுக்கு, இது எனக்கு.

கீரை கொடுக்க மாடியேறி வந்த அஞ்சலாட்சி அக்கா வெகுநேரம் பார்த்தார். "இதுல சாமான் வண்டி ஒண்ணு சேத்து வுடு ஷாஹீன். என் கீரைக் கட்டு வாடாம வரும்." சேர்க்கிறேன் என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

என் புருஷன் ஆரிப் வந்திருந்தார். சென்னையில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. வாரம் முழுக்க மேலும் கீழும், சனிக்கிழமை பஸ்ஸில் வீடு. ரயிலை ஓடவிட்டுக் காட்டினேன்.

"வர்றது சரி. திரும்பிப் போறதுக்கு?"

கையால் தூக்கி வைக்க வேண்டும் என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற நாளில் அவர் என்னிடம் இதைக் கேட்கலாமா?

நவம்பர் 10, ஞாயிறு

மழை. ஆரிப்போடு சண்டை.

"வீட்ட வித்துட்டு நீயும் சென்னைக்கு வந்துடு. வர்ற நோன்பு முடியறதுக்குள்ள முடிவு சொல்லு."

அங்கே எங்கே ரம்பம் வைத்து அறுப்பேன்? காலாப்பட்டில் ஒரு காலேஜில் லிஃப்ட் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று எத்தனை முறை சொல்லிவிட்டேன்.

"இத்தன வருஷம் பெரிய பெரிய பில்டிங்ல வேல பாத்துட்டு, அங்க போயி ஹாஸ்டல் லிஃப்டுக்குக் காவல் இருக்கணுமா?"

அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நவம்பர் 14, வியாழன்

ரயில் காலாப்பட்டில் நின்றுவிட்டது. மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கிறது. வளைவில் பட்டைகள் சக்கரத்தைக் கவ்விக்கொள்கின்றன. வெயில் வந்தால் தானே சரியாகும். மழைக்காலத்தில் மரத்தில் அரம் வைக்கக் கூடாது. அப்போது அது தன் சொந்த அளவில் இருப்பதில்லை.

நவம்பர் 16, சனி

அவர் வரவில்லை. ரோட்டில் தண்ணீர் என்று போனில் சொன்னார். இருக்கலாம்.

நவம்பர் 17, ஞாயிறு

அரத்தை எடுத்து வளைவை ராவித் தேச்சுட்டேன். கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் பண்ணேன். ஏதாவது ஒண்ணு நிக்காம வீடு வந்து சேரட்டும் — அவ்ளோதான் எனக்கு வேணும்.

வந்தது.

டிசம்பர் 22, ஞாயிறு

மதியத் தூக்கத்தில் கனவு. அந்த ரயிலுக்குள் நானே உட்கார்ந்திருக்கிறேன். பெட்டி முழுக்கப் பூவரசு வாசனை. ஜன்னலுக்கு வெளியே கடல், யாரோ பொறுமையாக இழைத்து வைத்ததுபோல் வழவழவென்று. அஞ்சலாட்சி அக்கா டிக்கெட் கேட்கிறார். கீரைக் கட்டு ஒன்றைக் காட்டுகிறேன், சரி என்று தலையாட்டிவிட்டுப் போகிறார். ஊர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இறங்க வேண்டிய ஊர் மட்டும் வரவில்லை. அதில் வருத்தமும் இல்லை. விழித்த பிறகும் அந்த ஆட்டம் உடம்பில் இருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

நல்ல வெயில். மரம் சுருங்கிவிட்டது. நான் ராவிய இடத்தில் இடைவெளி அகன்று, எஞ்சின் காலாப்பட்டில் தள்ளாடி வெளியே விழுகிறது. ஒவ்வொரு முறையும்.

புது வளைவு அறுக்கலாம். எதற்கு? வீட்டை விற்கலாம் என்று சொல்லிவிடுவேன் போலிருக்கிறது. சண்டை அலுத்துவிட்டது. அவர் இல்லாத வாரங்களும் அலுத்துவிட்டன.

மார்ச் 8, சனி

நோன்பு திறந்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.

"காலாப்பட்டுல பஸ் நிக்கறப்ப பாங்கு சொல்லிட்டாங்க. பேரீச்சம்பழத்த வாயில போட்டுக்கிட்டேன். வெளிய பாத்தா, ஒருத்தர் தூக்குச்சட்டியில பள்ளிவாசல் கஞ்சி வாங்கிக்கிட்டு வீட்டுக்கு நடந்து போறாரு."

கஞ்சியை மறுபடி சூடு பண்ணிக் கொடுத்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் சொல்லிவிட்டேன். "வீட்ட வித்துடலாங்க."

அவர் எஞ்சினை எடுத்து ஓடவிட்டார். விழுந்தது. மறுபடி விட்டார். விழுந்தது.

"எப்பவும் இங்கதான் விழுதா?"

"மழையில ராவிக் கெடுத்துட்டேன்."

கீழே கிடந்த ஒரு துண்டுப் பலகையை எடுத்து, வளைவின் வெளி விளிம்பில் விரலால் அழுத்திப் பிடித்தார். எஞ்சின் இறங்கி வந்தது. பலகையில் உரசியது. விழாமல் நின்றது.

"இங்க ஒரு பிளாட்பாரம் வையேன். நிக்கட்டும்." விரலை எடுக்காமலே சொன்னார்: "அந்தக் காலேஜ்ல இன்னும் ஆள் எடுக்கலன்னா, போயி கேக்கறேன்."

"ஹாஸ்டல் லிஃப்டாச்சே."

"எல்லா லிஃப்டும் மேல போயி கீழதான் வருது."

பசை எடுத்து வருகிறேன் என்று வெளியே போனேன். பசை மேசைமேல்தான் இருந்தது. அழுதேன், வேறென்ன.

ஜூன் 4, புதன்

காலையில் காலாப்பட்டு பஸ்ஸில் போனவர், விளக்கு வைப்பதற்குள் வந்துவிட்டார். சட்டையில் கிரீஸ். டீ கேட்டார்.

செங்கற்களை எடுத்துவிட்டேன். பாதை சமமாகிவிட்டது; இனி யாராவது தள்ளினால்தான் ரயில் ஓடும். ஆரிப் புதுச்சேரியிலிருந்து மெல்லத் தள்ளினார். காலாப்பட்டுப் பிளாட்பாரத்தில் உரசி நின்றது. நான் அங்கிருந்து திருப்பித் தள்ளினேன்.

கீரை வண்டிக்கு இன்னும் சக்கரம் போடவில்லை. நாளை அவர் போனதும் போட வேண்டும்.