ஞாயிறு பின்னேரம் வந்த பட்டி

ஆவணி 6, வியாழன்

எழும்பியதும் முதல் வேலை, இவருடைய சப்பாத்துகளைப் பினாயில் தண்ணீரில் கழுவியது. நேற்று முழுவதும் சாவகச்சேரிப் பக்கம், வெக்கை நோய் கண்ட மாடுகளோடு நின்றவர். வாய்ப்புண், கழிச்சல், நாலைந்து நாளில் சாவு. சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை. காயப்போட்ட துணியெல்லாம் மண்.

மேசையில் ஆங்கிலத்தில் கட்டளை: திங்கட்கிழமை முதல் தென்மராட்சியிலிருந்து வலிகாமத்துக்கு ஒரு மாடும் வரக்கூடாது. வடமாகாணத்து மாடுகளுக்கெல்லாம் இவர்தான் அரசாங்க வைத்தியர். பம்பாயில் படித்தவர், ஊர்த் தலைமைக்கார விதானைமாருக்கு விளங்குகிற தமிழ் வராது. அது எப்போதும் என் வேலை. பத்து மணிக்குள் எழுதிக் கொடுத்தேன்.

பின்னேரம் வலிகாமத்துப் புத்தூரிலிருந்து தம்பி. என் சீதனக் காணியில் புகையிலை செய்கிறவன்.

"அக்கா, கந்தையான்ரை மாட்டுப் பட்டி அடுத்த கிழமைதான் வருகுது. நாலைஞ்சு இரவு அடைச்சாத்தான் எரு காணும். வெறுந் தழையைத் தாட்டாப் புகையிலை எழும்புமே?"

கந்தையா, தென்மராட்சியில் சரசாலைக்காரர். நாற்பது மாடு. தோட்டம் தோட்டமாக இரவில் அடைத்து எருவிட்டுப் பிழைக்கிறவர்.

"திங்கட்கிழமை தடை வருகுது, பறை அடிப்பினம். அதுக்கு முந்திக் கொண்டு வரச் சொல்லு" என்றேன். தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே. யோசிக்கவேயில்லை.

ஆவணி 10, திங்கள்

பறை அடித்தாயிற்று. வாங்க: சவர்க்காரம், மண்ணெண்ணெய், இவருக்கு மை.

சந்தையில் என் முதுகுக்குப் பின்னால் ஒருவன்: "மாட்டு டாக்குத்தர் இப்ப மாட்டைப் பாக்கிறேல்லை, றோட்டைத்தான் பாக்கிறார்." மற்றவன்: "மாடு உதைக்கும். றோட்டு உதைக்காதெல்லோ." சிரிப்பு வந்துவிட்டது. இவருக்குச் சொல்லவில்லை.

தம்பி ஆள் அனுப்பியிருந்தான். பட்டி நேற்றுப் பின்னேரமே வந்துவிட்டதாம். நிம்மதி.

ஆவணி 19, புதன்

புத்தூரில் வெக்கை. முதலில் எங்கள் தோட்டத்துப் பட்டியில். பிறகு கிழக்கு வேலிக்கு அப்பால் இரண்டு வீடுகளில், கறவை மாடுகள்.

இவர் கிணற்றடியிலேயே உடுப்பைக் கழற்றிப் போட்டார். "கந்தையா தடைக்குப் பிறகு கடத்தியிருக்கிறான். செவ்வாய்க்கிழமை பட்டி றோட்டிலை போகக் கண்டதெண்டு விதானை சொல்லுறார். வழக்குப் போடப்போறன்."

"ஞாயிற்றுக்கிழமை வந்ததெண்டு கேள்வி."

"ஆர் சொன்னது?"

கறி அடிப்பிடிக்கிறது என்று உள்ளே போனேன். அடிப்பிடிக்கவில்லை.

ஆவணி 21, வெள்ளி

கந்தையா வந்தார். இவர் அரசாங்கக் கச்சேரிக்குப் போயிருந்த நேரம். வாசல் படலைக்கு இங்கால் வர மறுத்துவிட்டார், காலில் நோய் ஒட்டியிருக்கும் என்று. மாடுகள் பதினொன்று செத்துவிட்டன.

"ஞாயிறு பின்னேரம் வந்தனான், அம்மா. விதானை செவ்வாய் கண்டது பட்டியை மேய்ச்சலுக்குக் கொண்டு போனதை. தம்பியார்தான் கெதியாக் கொண்டு வா எண்டவர். இப்ப அவருக்கு நாள் ஞாபகமில்லையாம்."

நான் செம்பில் தண்ணீர் மொண்டேன்.

"செத்தது செத்துப் போச்சு. கள்ளமாக் கொண்டு வந்தவன் எண்டு கோட்டிலை தீர்ந்தா, மிச்ச மாட்டையும் இனி ஆரும் தங்கடை தோட்டத்துக்கை விடமாட்டினம்."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் செம்பை நிலத்தில் வைத்தார். "பினாயில் ஊத்திக் கழுவுங்கோ" என்றார்.

ஆவணி 22, சனி

பஸ்ஸில் புத்தூர். பட்டி நின்ற இடத்தில் சுண்ணாம்பு. மணம் இன்னும் போகவில்லை. தம்பி முகம் பார்த்துக் கதைக்கவில்லை.

"நான் வாய் திறந்தா, தடை வருகுதெண்டு உனக்கு முந்தியே ஆர் சொன்னது எண்டு கேப்பினம். பிறகு அத்தான்ரை உத்தியோகம்? உங்களுக்காகத்தான் அக்கா மறந்தனான்."

கோபம் வந்தது. ஆனால் முழுக்கப் பொய்யுமில்லை.

ஆவணி 23, ஞாயிறு

வெய்யில். தலைவலி. இவர் இரண்டாம் அறிவித்தலைத் தமிழில் எழுதத் தந்தார், ஊர் ஊராகப் பறையடித்து வாசிப்பதற்கு. முதல் வரி: சரசாலைக் கந்தையா தடையை மீறிப் பட்டி கடத்தியதால் புத்தூரில் நோய் பரவியது.

"வழக்கு முடிய முந்தியோ?"

"செவ்வாய்க்கிழமை முடிஞ்சிடும். நீர் எழுதி வையும். உந்த ஆக்களுக்கு ஒருத்தனைக் காட்டாட்டி வலிகாமத்திலை மாடு மிஞ்சாது."

கண்கள் சிவந்திருந்தன. இரண்டு கிழமையாகச் சரியான நித்திரை இல்லை. அவர் சொல்வது பிழையுமில்லை. தடையை மதிக்காவிட்டால் எல்லாம் போகும். நாள் குறித்தது அவர். அந்த நாளை வெளியே விட்டது நான். கந்தையா ஒரு கட்டளையையும் மீறவில்லை. வேலிக்கு அப்பால் அந்தக் கறவை மாடுகள், அதுவும் நான்தான்.

மற்ற வரிகளை எழுதினேன். செத்த மாட்டை ஆழமாகப் புதைக்கவும். தோல் உரிக்க வேண்டாம். பொதுத் தொட்டியில் தண்ணீர் காட்ட வேண்டாம். முதல் வரியை எழுதவில்லை. எழுதவும் மாட்டேன்.

செவ்வாய் காலை இவர் காரில் முன்னால் போவார். நீதிமன்றம் பட்டினத்துக்குள்தான், நான் நடந்து போகலாம். கந்தையாவின் பக்கத்துச் சாட்சியாக ஏறி, பட்டி வந்தது ஞாயிறு என்றும், ஏன் ஞாயிறு வந்தது என்றும் சொல்லப் போகிறேன். இவரிடம் முதலில் சொன்னால் தடுக்க மாட்டார். காரணம் எழுதாமல் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். ஊர் வாயில் கந்தையா கள்ளனாகவே இருப்பார். அதனால் இதையும் இவருக்குச் சொல்லவில்லை.