சூடு படாத வரை

பிப்ரவரி 3, செவ்வாய்

மறுபடியும் பூஜ்யம். கரைசல் ஒளியை எவ்வளவு திருப்புகிறது என்று அளக்கும் இந்தப் போலாரிமீட்டருக்கு என் முகமே பிடிக்கவில்லை போலிருக்கிறது.

ஆய்வுக்கு வழிகாட்டும் சார் இன்று பொறுமை இழந்துவிட்டார். "உனக்கு முன்னாடி இருந்தவ பொய்க் கணக்கு காட்டிட்டுப் போயிருக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள அவ எழுதின எண் உனக்கும் வரலைன்னா, அதை வச்சு வெளியிட்ட கட்டுரையை வாபஸ் வாங்குறேன்னு எழுதிடுவேன்."

முன்னாடி இருந்தவள் என்றால் லேபில் எனக்கு மூத்த மாணவியாக இருந்த அக்கா. நான் சேர்ந்த புதிதில் ஒன்றும் கேட்காமல் தன் சாப்பாட்டு டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்தவர். இப்போது பெயின்ட் கம்பெனியில் வேலை. கட்டுரை போனால் அவருடைய முனைவர் பட்டத்துக்கும் ஆபத்து.

பிப்ரவரி 4

அக்காவா பொய் சொல்வார்? சொல்லியிருந்தால்? சே, என்ன மனசு இது.

பிப்ரவரி 5

எரிச்சலில் முதலிலிருந்து யோசித்தேன். இரண்டு அணு வளையங்கள், நடுவில் ஓர் ஒற்றைப் பிணைப்பு. சாதாரணமாக அதைச் சுற்றி வளையங்கள் தாராளமாகச் சுழலும். எங்கள் மூலக்கூறில் இரு வளையங்களின் ஓரத்திலும் பெரிய அணுத் தொகுதிகள். ஒன்றையொன்று முட்டிக்கொண்டு சுழல விடுவதில்லை. அதனால் இடப்பக்கம் முறுக்கியது ஒன்று, வலப்பக்கம் முறுக்கியது ஒன்று. இடது கையும் வலது கையும் மாதிரி, ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. ஒன்று ஒளியை இந்தப் பக்கம் திருப்பும், மற்றது அந்தப் பக்கம். சரிபாதி கலந்திருந்தால்தான் பூஜ்யம்.

நான் பிரித்துவிட்டுத்தானே அளக்கிறேன்? பிரித்த பிறகு எவன் கலக்கிறான்?

வெட்கத்தை விட்டு அக்காவுக்குப் போன் பண்ணினேன்.

"என்னடி, சார் என்னைத் திட்டச் சொன்னாரா?"

"இல்லக்கா. பிரிச்சு எடுத்த கரைசலை எப்படிக் காய வச்சீங்க?"

"அப்போ வெந்நீர்த் தொட்டி ரிப்பேர். எத்தனை தடவை சொன்னாலும் யாரு சரி பண்ணா? சும்மா நைட்ரஜனை ஊதி ஊதியே காய வச்சேன். கை விறைச்சுப் போகும். ஏன் கேக்குற?"

நான் அறுபது டிகிரி வெந்நீரில் குடுவையைச் சுழற்றிக்கொண்டிருக்கிறேன்! சார் அவசரப்படுத்துகிறார் என்று சூட்டைக் கூட்டி வைத்ததும் நான்தான். அந்தச் சூட்டில் முட்டிக்கொண்டிருந்த தொகுதிகள் நெளிந்து ஒன்றையொன்று தாண்டியிருக்கும். வலதில் பாதி இடதாகத் திரும்பியிருக்கும். அட மண்டு, மண்டு!

பிப்ரவரி 6, வெள்ளி

குடுவையை ஐஸில் வைத்து நைட்ரஜன் ஊதினேன். விரல் மரத்துப்போனது. அளந்தேன். அக்கா எழுதிய அதே எண்.

சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நம்பவில்லை. அதே கரைசலை அவர் கண் முன்னாலேயே வெந்நீரில் வைத்து எடுத்து, ஆறவிட்டு, மறுபடி அளந்தேன். பூஜ்யம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அவ நம்பர் உங்கிட்ட இருக்கா?"

பிப்ரவரி 8

சார் போனில் என்ன பேசினாரோ, அக்கா சொல்ல மாட்டேன் என்கிறார்.

பிப்ரவரி 16, திங்கள்

அக்கா லீவு போட்டு வந்தார். சார் எழுந்து நின்றார். கட்டுரை அப்படியே இருக்கும். சூடு காட்டக் கூடாது என்று ஒரு வரி மட்டும் சேர்க்கிறோம். அக்கா தலையாட்டிக்கொண்டே லேபைச் சுற்றிப் பார்த்தார். வெந்நீர்த் தொட்டியருகே போனதும் நின்றுவிட்டார். அதில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஓ, நான் போனப்புறம் சரி பண்ணிட்டாங்களா?"

நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சார் சிரிக்கவில்லை. போய் சுவிட்சை அணைத்தார்.